எடைமேடையில் சந்தனமாரி

தூத்துக்குடியில் உப்பளங்களைப் பார்த்து நிற்கும் அந்த நாலு மாடிக் குடியிருப்புக்கு லிஃப்ட் கிடையாது, மேல்மாடிகளுக்குத் தண்ணீரும் ஏறாது. ஆகையால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சந்தனமாரியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு ஆண்பிள்ளைகள் பிடித்துத்தான் மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள், ஏற்றும்போது படி திரும்புகிற இடத்திலெல்லாம் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள், "மைனி பாத்தா நோஞ்சானா இருக்காவ, கனம் என்ன இந்தக் கனம் கனக்காவ!" என்று ஒருவன் சொல்ல மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள், சந்தனமாரியும் தையல் இழுத்துவிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே சிரித்தாள். பின்னால் நடந்ததையெல்லாம் ஊர் ஊராகச் சொன்னவர்கள் இந்தச் சிரிப்பை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அவள் வீட்டுக்காரர் லிங்கத்துரை உப்பு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் வேலை பார்ப்பவர். நல்ல மனுஷன், குடி கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தது கிடையாது, ஆபரேஷன் என்றதும் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே துண்டை விரித்துக் கிடந்தவர். ஒரே ஒரு கோளாறு, கண்ணில் காட்டாத எதையும் நம்ப மாட்டார். லாரிக்காரன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் மேடை காட்டுவதுதான் அவருக்குக் கணக்கு. ஆபரேஷன் முடிந்ததும் நர்சம்மா, அந்தப் பக்கத்து வழக்கப்படி, எடுத்ததை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து "பாத்துக்கிடுங்க" என்று காட்டினாள். மற்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். லிங்கத்துரை குனிந்து பார்த்தார், கட்டி கட்டியாகத் திரண்டு கிடந்த அதை மனதுக்குள்ளேயே நிறுத்து, "அரைக்கிலோவுக்குக் குறையாது" என்றார். அந்தத் தட்டோடு சந்தனமாரியின் சீக்கெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

தட்டில் வந்தது பாதிதான். மாதாமாதம் பெருகிப் பெருகி அவளை வெள்ளைத்தாள் ஆக்கிய உதிரப்போக்கு அதோடு போயிற்று, வாஸ்தவம். பன்னிரண்டு வருஷமாக அவளோடு குடியிருக்கும் சரவாங்கி என்கிற முட்டுவாதம் எந்தத் தட்டிலும் வரவில்லை. விரல் முட்டு, மணிக்கட்டு, முழங்கால், கால்விரல் என்று விடிந்ததும் ஒவ்வொன்றும் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி நின்றுகொள்ளும், வெந்நீரும் மாத்திரையும் கெஞ்சலும் சேர்ந்து அரைநாளில் திறக்கும். ஆபரேஷனுக்காக முட்டு மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார்கள், அந்த இடைவெளியில் வலி நன்றாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. வயிற்றைக் கிழித்துத் தைத்தவள் எழுந்திருக்க வேண்டுமென்றால் ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழ வேண்டும், கையை ஊன்றினால் மணிக்கட்டு உயிரை எடுக்கும், மணிக்கட்டுக்குப் பயந்து வயிற்றை முக்கினால் தையல் இழுக்கும்; ஆகவே சந்தனமாரி காலையில் கண்விழித்தபின் எழுந்திருக்க வழியில்லாத உடம்புக்குள் கிடந்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எந்திரி மாரி. எடுத்தாச்சுல்லா, இன்னும் என்ன?" என்பார் லிங்கத்துரை.

"அது வேற, இது வேறங்க. முட்டு வலி இருக்க எடத்துலதான் இருக்கு."

"எல்லாம் ஒரே ஒடம்புதான. நான் கண்ணால பாத்தேன், ஆணிவேரயே புடுங்கிட்டாங்க. மனசுல தைரியம் வேணும்."

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகனும் போனில் அதையேதான் கேட்டான், "சரியாயிட்டுல்லாம்மா?" என்று. "ஆயிட்டுப்பா" என்றாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. குணப்படுத்தித் தா என்று அவள் யாரையும் கேட்கவில்லை, அது குணமாகிற சாதி இல்லை என்று அவளுக்கே தெரியும். இது இன்னும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும் என்பதை இந்த மனுஷன் ஒருத்தர் நம்பினால் போதும் என்று இருந்தது. கூடவே, யாரிடமும் சொல்லக்கூட முடியாத ஒரு துக்கமும் இருந்தது. இனி பிள்ளை பெறப் போகிற வயசில்லை, ஆனாலும் ஓசூர்க்காரன் பத்து மாதம் கிடந்து உதைத்த வீடு அது. அதை யாரோ ஒரு நர்சு தட்டில் தூக்கிக்கொண்டு போனாள், அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. குளிக்கும்போது வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே அழுவாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். அதனால் எதிர்வீட்டு ரீத்தம்மாள் தன் வீட்டுக்கு எடுக்கும்போது இவளுக்கும் ஒரு குடம் எடுத்துவந்து வைப்பாள். ஒருநாள் அப்படி ஏறிவந்தவள் மூச்சு வாங்கக் குடத்தைக் கட்டில் காலில் சாய்த்துவைத்துவிட்டு, கொஞ்சம் பேசிவிட்டு, மறுபடி தூக்கியபோது குடம் கையோடு விசுக்கென்று தலைக்கு மேலே போயிற்று. தண்ணீர் தளும்பத் தளும்ப நிறைந்துதான் இருந்தது, கனம்தான் இல்லை. ரீத்தம்மாள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள், தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

"மைனி, கனம் போயிட்டு பாத்தீயளா," என்றாள்.

"எனக்குத்தான் வந்திருக்கு," என்றாள் சந்தனமாரி. வலது மணிக்கட்டில் ஒரு குடம் தண்ணீர் வந்து உட்கார்ந்தது அவளுக்குத் தெரிந்தது.

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு, ரீத்தம்மாள் கீழே போய் மிச்சக் குடங்களை வரிசையாக எடுத்துவரத் தொடங்கினாள்.

நல்லதாப் போச்சு என்றுதான் குடியிருப்பு முழுக்கச் சொன்னார்கள். யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை, சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை கட்டவில்லை. தண்ணீர் லாரி வருகிற நேரம் தெரிந்த மாதிரி, ரேஷனில் பாமாயில் போடுகிற நாள் தெரிந்த மாதிரி, மூணாம் மாடியில் கனம் இறக்கித் தருகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. முதல் மாடிக்காரர்கள், ரெண்டு படிதானே ஏற வேண்டும், அவர்களும் குடத்தை மூன்றாம் மாடிவரைக்கும் கொண்டுவந்து கனத்தை இறக்கிவிட்டு மறுபடி கீழே போனார்கள், அதில் என்ன லாபம் என்று அவர்களைக் கேட்பதற்கு ஆளில்லை. குடம் முடிந்து அரிசிச் சிப்பம் வந்தது, சிப்பம் முடிந்து கேஸ் சிலிண்டர் வந்தது, கிரைண்டர் வந்தது, கல்யாணச் சீருக்கு வாங்கிய இரும்பு பீரோ வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஒருத்தர்கூட மரியாதை தப்பி நடக்கவில்லை. சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால், ஒரு கையில் சிலிண்டரும் மறு கையில் ரெண்டு ஆரஞ்சுப் பழமுமாகத்தான் வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட் பாக்கெட்டும் திராட்சையும் அலமாரி கொள்ளாமல் குவிந்தன, "நல்லா சாப்பிடணும் என்ன, தெம்பு வேணும்லா" என்று கரிசனமாகச் சொல்லிவிட்டுத்தான் சாமானைக் கட்டில் காலில் சாய்த்தார்கள்.

போகிற கனம் எங்கே போகிறது என்று ஒரு கேள்வி வராமல் இல்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானதிரவியம், ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், கப்பலில் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துப் பார்த்து அனுபவப்பட்டவர், அவர்தான் அதற்கு விளக்கம் சொன்னார்.

"கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கல்லா? அந்த எடம் சும்மாதான கெடக்கு. கனம் பூராவும் அங்கன போயி எறங்குது. மைனிக்கு ஒரு தொந்தரவும் கெடையாது."

எல்லாருக்கும் பெரிய நிம்மதி. சும்மா கிடக்கிற இடத்தில் நாலு குடம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? லிங்கத்துரையும் தலையாட்டினார், அவர் அந்த இடம் காலியானதைக் கண்ணால் பார்த்தவர். சந்தனமாரி மட்டும் சொல்லிப் பார்த்தாள், "அண்ணாச்சி, அங்கன ஒண்ணும் போகல. எல்லாம் முட்டுலதான் வந்து நிக்கி" என்று. ஒவ்வொன்றும் எங்கே போய் உட்கார்ந்தது என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியும். சிலிண்டர்கள் முழங்காலில், சிப்பங்கள் இடுப்பில், பீரோ இடது தோளில். அந்த வெற்றிடத்தில் மட்டும் ஒரு பொட்டுக் கனம்கூட இல்லை, பிள்ளை வெளியூர் போனபின் பெருக்கி வைத்த அறை மாதிரி அது அப்படியே இருந்தது. "ஆபரேஷன் பண்ண ஒடம்பு, அப்படித்தான் தோணும்" என்று சொல்லிவிட்டு ஞானதிரவியம் திராட்சையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டிலின் கால்கள் சிமெண்டுத் தரைக்குள் இறங்கின. ரெண்டாம் மாடி வீட்டில் கூரை தொட்டிலைப் போலத் தொங்கிற்று, அந்த வீட்டுக்காரி அதில் ஒரு கொக்கியை மாட்டி வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டாள். கனம் போன சாமான்கள் ஒரு இடத்தில் நிற்காமல் மிதந்ததால் அவற்றுக்குக் கல்லைக் கட்டினார்கள், கல்லைப் படியேற்றுவது கஷ்டமாக இருந்ததால் கல்லையும் சந்தனமாரியிடம் கொண்டுவந்து காட்டினார்கள், அப்புறம் கல்லும் சேர்ந்து மிதந்தது.

மூன்று மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் காட்டப் போக வேண்டிய நாளில், அதே நாற்காலியில் அவளை உட்காரவைக்க அதே நாலு பேர் வந்தார்கள். தூக்க முடியவில்லை. எட்டுப் பேர் பிடித்தார்கள், மாடிக்கு ரெண்டு பேராக ஆள் வந்து பிடித்தார்கள், கயிறு போட்டு இழுத்தார்கள், நாற்காலிதான் உடைந்தது. லிங்கத்துரைக்கு அன்றுதான் உறைத்தது. பெண்டாட்டியை டாக்டரிடம் கொண்டுபோக முடியாத அந்தக் கோபத்தில் படிக்கட்டில் நின்று கத்தினார்.

"வச்சவன் எல்லாம் வந்து அவனவன் கனத்த எடுத்துட்டுப் போங்க. மனுஷியா, குடோனா?"

"நான் ஒரே ஒரு குடந்தான வச்சேன்," என்றாள் ரீத்தம்மாள். "நான் வைக்கவே இல்ல, பாக்கத்தான் வந்தேன்," என்றது இன்னொரு குரல். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பழகிய சுகத்தை யார் விடுவார்கள்? சந்தனமாரி கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, களைப்பாக இருந்தது.

வழக்கைத் தீர்த்துவைத்தது கச்சான் காற்றுதான். ஆனி பிறந்து, மேற்கேயிருந்து மணலை வாரிக்கொண்டு அது அடிக்கத் தொடங்கிய முதல் நாளே பீரோ ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு உப்பளத்துக்கு மேலே போயிற்று, குடங்கள் கொக்குக் கூட்டம் மாதிரி கடலைப் பார்க்கப் போயின. கனமில்லாத அரிசியைச் சாப்பிட்டுக் கனமில்லாத தண்ணீரைக் குடித்து மூன்று மாதம் சுகமாக இருந்த குடித்தனக்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை, ரேஷன் கடை வரிசையில் ஒருவரை ஒருவர் முந்தானையாலும் வேட்டியாலும் முடிந்துகொண்டு நின்றார்கள், ஞானதிரவியம் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் படபடத்தார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிவந்து, மிச்சமிருந்த சாமான்களைக் கட்டில் காலில் சாய்த்து எடுத்துப் போனார்கள். தின்றதும் குடித்ததும் உடம்போடும், பறந்த சாமான் காற்றோடும் போயிருந்ததால், அந்தக் கனத்துக்குக் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கனம் காலில் இறங்குகிறவரை பொறுத்து, எழுந்து போனார்கள். உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கத் தங்கள் சர்க்கரையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசினார்கள். சந்தனமாரி கேட்டுக்கொண்டாள். கடைசியாக ரீத்தம்மாள் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் மூக்கை உறிஞ்சினாள், நேரம் ஆக ஆக, தான் வைத்ததற்கு மேலேயே ஒரு குடம் எடுத்துக்கொண்டுதான் எழுந்தாள். அவள் அப்படிப்பட்டவள்.

அடுத்த நாள் புது நாற்காலி வந்தது, அதே நாலு பேர் பிடித்தார்கள், படி திரும்புகிற இடத்திலெல்லாம் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். கீழே நின்ற குட்டியானை வண்டியில் நாற்காலியோடு ஏற்றியதும் லிங்கத்துரை டிரைவரிடம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தன் எடைமேடையில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார்.

"என்னத்துக்குங்க?" என்றாள் சந்தனமாரி.

"எவன் எவன் வச்சத எடுக்காம ஏமாத்திருக்கானோ. மேடையில ஏத்தினா தெரிஞ்சிரும்."

உப்பளத்து வெயிலில் இரும்புத் தகடு பளபளவென்று கிடந்தது. நாற்காலியை அதன் நடுவில் இறக்கி, அவள் பாதம் சுடாமல் சாக்கு மடித்துப் போட்டுவிட்டு, லிங்கத்துரை கண்ணாடி அறைக்குள் போய் எண்ணைப் பார்த்தார். ரெண்டு மூட்டை உப்பைத் தலையில் சுமந்து நிற்கிற பெண்பிள்ளைக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு காட்டியது. வெளியே ஓடிவந்தார்.

"பாத்தியா? சொன்னேன்லா? எந்தக் களவாணிப் பயலோ இன்னும் எடுக்கல!"

"எல்லாரும் எடுத்துட்டாங்க," என்றாள் சந்தனமாரி. "ஒவ்வொண்ணும் எறங்குனது எனக்குத் தெரியும்லா. இது என்னோடது."

"ஒன்னோடதுன்னா?"

"என்னோடதுதான். மொத நாளு படியேத்துனப்பயே இருந்துச்சு. அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு. பன்னெண்டு வருசமா சொல்லுதேன்."

லிங்கத்துரை டிரைவரைக் கூப்பிட்டு ரெண்டு பேருமாக நாற்காலியை மேடையிலிருந்து நகர்த்தினார், உள்ளே போய்ப் பார்த்தார், பூஜ்யம் காட்டியது. மறுபடி ஏற்றினார், அதே எண். மேடையின் சந்துகளில் உப்புக்கட்டி ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் துடைப்பத்தால் பெருக்கினார், மறுபடி இறக்கி மறுபடி ஏற்றினார், அதே எண். வெறும் நாற்காலியை மட்டும் வைத்துப் பார்த்தார், தான் ஏறி நின்று டிரைவரைப் பார்க்கச் சொன்னார், அவர் எடை அவர் எடைதான். சந்தனமாரி வெயிலில் உட்கார்ந்து, தூக்கும்போது தூக்கவிட்டு வைக்கும்போது வைக்கவிட்டு, அவரைத் தடுக்காமல் இருந்தாள். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவளுக்கு இது ஒன்றும் பெரிய நேரமில்லை.

கடைசித் தடவை உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கண்ணாடிக்கு உள்ளே சிவப்பு எண்ணுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எந்த லாரிக்காரனிடமும் ஒரு நாளும் பொய் சொல்லாத மேடை அது, அவரே எண்ணெய் போட்டு, அவரே துடைத்து வளர்த்த மேடை. இத்தனை வருஷமும் இந்தப் பாரத்தோடுதான் அவள் சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், இவர் சட்டைக்குப் பித்தான் தைத்தாள், காலையில் "மனசுல தைரியம் வேணும்" என்று இவர் சொன்னபோதெல்லாம் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

பின்னால் உப்பு லாரிகள் வந்து வரிசை கட்டி ஹாரன் அடித்தன. லிங்கத்துரை அவற்றின் பக்கம் திரும்பாமல் நடந்துவந்து, சுடுகிற தகட்டில் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். உள்ளே எண் ஏறியிருக்கும். அவர் எடை எவ்வளவோ அவ்வளவுதான் ஏறியிருக்கும், அவளுடையதில் ஒரு குன்றிமணிகூடக் குறைந்திருக்காது. அது அவருக்கும் தெரிந்தது. இருந்தும் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், வீங்கிய விரல்களைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார்.

"எங்க வலிக்கி மாரி?"

மாத்திரை போட்டியா என்று கேட்டிருக்கிறார், சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறார். இதை ஒருநாளும் கேட்டதில்லை. சந்தனமாரிக்குக் கண் நிறைந்து உப்பளமும் லாரிகளும் மறைந்துபோயின.

"சொன்னா நேரமாகும்ங்க."

"ஆவட்டும்."

அவள் வலது காலைச் சாக்கிலிருந்து மெல்ல எடுத்து அவர் முன்னால் நீட்டி, சுண்டுவிரலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.